டியூஷனுக்கு மட்டும் தவறாமல் போகிறேன்

கேள்வி: ப்ளஸ் டூ கணினி அறிவியல் பிரிவு படிக்கிறேன். மார்ச்சில் பொதுத்தேர்வு. புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. அரையாண்டில் இயற்பியல் ஃபெயில். டியூஷனில் கூடப் படிக்கும் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது. அவளைப் பார்க்கத்தான் காலை ஐந்து மணிக்கே எழுந்து போகிறேன். பள்ளி முடிந்தால் பார்க்கவே முடியாது. ஃபேர்வெல் அன்று நண்பனிடம் லெட்டர் கொடுத்து அனுப்பலாமா? லீவில் மாமாவின் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் இருப்பேன். அந்த வேலை மட்டும்தான் பிடிக்கிறது. அம்மா, ‘நீ உருப்பட மாட்டே’ என்கிறார்.
- பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: தம்பி, லெட்டர் வேண்டாம். நண்பன் கையில் வேண்டவே வேண்டாம். ஆசிரியையாக இருந்த காலத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். லெட்டர் பிடிபட்டால் பையனுக்கு ரெண்டு அடி, நாலு நாள் திட்டு. பெண்ணுக்கு டியூஷன் நிற்கும், போனைப் பிடுங்குவார்கள், காலேஜே வேண்டாம் என்பார்கள். சில வீடுகளில் மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடுவார்கள். அவளுக்கு உன்மேல் விருப்பமே இல்லாவிட்டாலும் இதே கதிதான். ஃபேர்வெல் முடிந்த கையோடு பரீட்சை வேறு. அவளும் எழுத வேண்டும் அல்லவா?

பிடித்திருப்பது தப்பே இல்லை. சொல்லியே தீர வேண்டும் என்றால் கடைசிப் பரீட்சை முடியட்டும், நீயே நேரில் சொல். மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடு. காரணம் கேட்காதே, தோழியைத் தூது அனுப்பாதே, அவள் தெருவில் வண்டியில் சுற்றாதே.

ஐந்து மணிக்கு எழுகிற பிள்ளையை நான் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். இயற்பியலுக்கு வருவோம். எழுத்துத் தேர்வு 70. அதில் குறைந்தது 15 வாங்க வேண்டும்; செய்முறை, அகமதிப்பீடு 30-ஐயும் சேர்த்து 35 வந்தால் பாஸ். ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டுமே 15 வரும். பாடத்தின் பின்னால் இருக்கும் ஒன் மார்க்கைத் தினமும் ஒரு பாடம் எழுதிப் பார். படிக்க வேண்டாம், எழுது. எழுதும்போது தூக்கம் வராது. அது பழகியதும் ஐந்து மதிப்பெண் வருவிப்புகளில் (டெரிவேஷன்) உனக்குப் புரிகிறவற்றை எடுத்துக்கொள்.

ஒர்க்‌ஷாப் விஷயம்தான் உன் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. உன் பிரிவில் கணிதம், இயற்பியல், வேதியியல் இருக்கின்றன. ப்ளஸ் டூ தேறினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆட்டோமொபைலோ மெக்கானிக்கலோ, இரண்டே வருஷத்தில் டிப்ளமோ கையில் இருக்கும். பிடித்தால் அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேர வழி இருக்கிறது. இப்போது இன்ஜெக்‌ஷன் வண்டியும் எலெக்ட்ரிக் வண்டியும் நிறைய ஒர்க்‌ஷாப்புக்கு வருகின்றன. சென்சார், பேட்டரி என்று எல்லாமே இயற்பியல், மாமாவையே கேட்டுப் பார்.

அம்மாவிடம் பேச மாமாவைக் கூட்டிக்கொள். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதே, பொங்கல் லீவிலேயே அருகில் உள்ள அரசு பாலிடெக்னிக்குக்கு மூன்று பேரும் போய், என்னென்ன பிரிவு இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வாருங்கள்.