டானிக் இருக்கட்டும், அவள் எத்தனை மணி நேரம் தூங்குகிறாள்?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 16 வயது. பிளஸ் ஒன், பயாலஜி குரூப். காலை ஐந்தரைக்கு டியூஷன், அதற்காக நாலே முக்காலுக்கே எழுந்துவிடுகிறாள். காலையில் டீயும் பிஸ்கட்டும்தான். மதிய டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது. ராத்திரி பன்னிரண்டரை வரை கையில் போன். போன வாரம் பள்ளியில் பிரேயரில் நின்றுகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்துவிட்டாள். எப்போதும் சோர்வு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள். போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பதில்: அம்மா, பன்னிரண்டரைக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழுந்தால் தூக்கம் நாலேகால் மணி நேரம். இந்த வயதுக்கு வேண்டியது 8 முதல் 10 மணி நேரம். பாதித் தூக்கத்தில் ஓடுகிற பிள்ளைக்குச் சோர்வும் எரிச்சலும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

‘நாங்களெல்லாம் ஒன்பது மணிக்கே படுத்து விடியற்காலையில் எழுந்து படித்தவர்கள்தானே’ என்று கேட்பீர்கள். பருவ வயதில் மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் சுரக்கிற நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது, அதனால் பத்து மணிக்கு அவளுக்குத் தூக்கம் வராதது திமிர் இல்லை, உடம்பு அப்படி. மாற்ற முடிகிற இடம் காலைதான். என்னைக் கேட்டால் முதலில் நிறுத்த வேண்டியது அந்த ஐந்தரை மணி டியூஷன். சாயங்கால பேட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பாடத்துக்கு டியூஷனை விட்டுவிட்டு வீட்டிலேயே படிக்கட்டும். மார்க் போய்விடும் என்று பயப்படாதீர்கள், பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது.

போனைப் பிடுங்காதீர்கள். அதில் என்ன பார்க்கிறாள் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் நிறைய பேருக்கு டியூஷன் நோட்ஸே ராத்திரி பத்தரைக்கு மேல்தான் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது, அதை எழுதி முடித்து, அப்படியே ரீல்ஸ் பக்கம் போனால் பன்னிரண்டு. நோட்ஸை எட்டு மணிக்குள் அனுப்பச் சொல்லி அந்த சாரிடம் நீங்களே பேசுங்கள். பத்து மணிக்குப் போன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும், பக்கத்திலேயே உங்கள் போனும், அவள் அப்பாவின் போனும். பெரியவர்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் பிள்ளை கேட்காது.

சரி, மயக்கத்துக்கு வருவோம். வெறும் வயிற்றோடு வெயிலில் அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கி மூளைக்குப் போவது சில நொடிகள் குறையும், அதில் விழுவது பெரும்பாலும் ஆபத்தில்லை. படுக்க வைத்துக் காலைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் தெளிந்துவிடும். ஆனால் ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்திருந்தால், நெஞ்சு படபடத்து விழுந்திருந்தால், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். இதில் தாமதம் கூடாது.

இவள் விஷயத்தில் எனக்குப் பெரிய சந்தேகம் ரத்தசோகை. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஒன்று கவனியுங்கள்: அரிசி களைய எடுக்கும்போது ஒரு பிடி வாயில் போட்டு மெல்கிறாளா? பல்பம், விபூதி, ஐஸ்கட்டி? கேட்டால் மறைப்பார்கள், ஆனால் இரும்புச்சத்துக் குறைவுக்கு இது நல்ல அடையாளம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம், 12க்குக் கீழே என்றால் குறைவு. முடிந்தால் ஃபெரிட்டினும் பாருங்கள், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை அது.

பீட்ரூட் ஜூஸ் போட ஆரம்பித்துவிடாதீர்கள். சிவப்பாக இருக்கிறதே தவிர 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஈரல், சுவரொட்டி. அதிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ கொய்யாவோ கூட இருக்கட்டும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், அது இரும்பைச் சேரவிடாது. பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற நீல மாத்திரையைக் குப்பையில் போடாமல் விழுங்குகிறாளா என்றும் கேளுங்கள். அது குறைவு வராமல் தடுக்கத்தான், ஏற்கெனவே குறைந்திருந்தால் தினசரி மாத்திரை வேண்டும், அளவை டாக்டர் சொல்வார். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

காலையில் நாலு இட்லியைத் திணிக்காதீர்கள். இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் பழைய சோறும் தயிருமோ போதும், பத்தரை மணி இன்டர்வலுக்கு இரண்டு கடலை உருண்டை பையில் இருக்கட்டும்.

அப்புறம், தண்ணீர் பாட்டில் எப்படித் திரும்பி வருகிறது? நிறைய பெண் பிள்ளைகள் பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மயக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம், சிறுநீர்த் தொற்றும் வரும். பாட்டில் நிறைந்தபடியே வந்தால் திட்டாமல், கழிவறை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், மற்ற அம்மாக்களோடு சேர்ந்து தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.

உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம் வேண்டும்தான், ஆனால் பிளஸ் ஒன்னில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார் என்பது எனக்கும் தெரியும். டியூஷனுக்கு சைக்கிளில் போகட்டும், இப்போதைக்கு அது போதும்.

ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போகும்போது அவளையும் கூட்டிப்போங்கள். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஒல்லியாக வேண்டும் என்று வேண்டுமென்றே சாப்பாட்டைக் குறைக்கிறாளா, மனதில் ஏதாவது பாரம் இருக்கிறதா, இதையெல்லாம் உங்களை வைத்துக்கொண்டு அவள் சொல்லமாட்டாள். ஒரு பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள்.