குழுவில் சேர்ந்துவிட்டேன், ஊரில் சேரவில்லை

கேள்வி: கணவருக்கு மாற்றல் ஆனதால் திருநெல்வேலியிலிருந்து நவி மும்பை கார்கருக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மகன் ஆறாம் வகுப்பு. எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். பாதிச் செய்தி மராத்தி, மீதி இந்தி. இரண்டும் தெரியாததால் அதை ம்யூட் செய்துவிட்டேன். மும்பைத் தமிழர்களின் முகநூல் குழுக்களில் மட்டும் பகலெல்லாம் இருக்கிறேன். ஆனால் எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியவில்லை. இந்தச் சமூக ஊடகங்களால் உண்மையில் ஒரு பயன் உண்டா, அக்கா?
– வாசகி, கார்கர்

பதில்: உண்டு. முதல் வேலையாக அந்த அடுக்ககக் குழுவின் வாயைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் எப்போது நிற்கும், லிஃப்ட் என்றைக்கு ஓடாது, யார் வீட்டில் டியூஷன், எல்லாம் அதில்தான் வரும். எண்பதுகளில் நான் செம்பூரில் குடியிருந்தபோது இந்த வேலையைச் செய்தது ஆரே பால் பூத் வரிசை. காலி பாட்டிலோடு விடிகாலையில் நிற்கிற நேரத்துக்குள் எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்த மளிகைக்காரர் எடையில் கைவைப்பார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். எனக்கும் அப்போது மராத்தி தெரியாது. பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வேன்.

வாட்ஸ்அப்பில் முகம் தெரியாது, சரி. ஆனால் எனக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. செய்தியை நகலெடுத்து கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஒட்டினால் தமிழில் வந்துவிடும். வாக்கியம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். நாளைக்குத் தண்ணீர் வராது என்று புரிந்தால் போதாதா? மராத்திக்கும் இந்திக்கும் எழுத்து ஒன்றுதான். மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தியைக் கட்டாயமாக்கி 2020-இல் சட்டமே வந்திருக்கிறது. மகன் எப்படியும் படித்தாக வேண்டும். அவனோடு நீங்களும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுங்கள். மராத்தி பேச வேண்டுமா கூடாதா என்ற சண்டை குழுவில் கிளம்பினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அந்த நேரத்தில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு லிஃப்டில் பேசிவிடலாம்.

தமிழ்க் குழுக்களை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் விராரிலிருந்து பன்வேல் வரை சிதறிக் கிடப்பவர்கள் அவர்கள். போரிவலியில் இருப்பவர் உங்கள் சொதிக் குழம்புப் படத்துக்கு இதயம் போடுவார். உங்கள் காஸ் சிலிண்டரை வாங்கி வைக்க வரமாட்டார். அங்கே கேட்பதைக் குறுக்கிக் கேளுங்கள். ‘யாராவது தோழியாக இருப்பீர்களா’ என்றால் பத்து வணக்கம் வரும், அவ்வளவுதான். ‘கார்கர் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பம் உண்டா, சனிக்கிழமை மாதுங்கா போகிறேன், வாழையிலை யாருக்கு வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள், ஆள் வரும். செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கும் துணை தேடலாம். கார்கரிலிருந்து செம்பூருக்கு ஹார்பர் லைனில் நேரடி ரயில் இருக்கிறது.

அடுக்ககக் குழுவில் முதன்முதலாக எழுதும்போது சுயபுராணம் வேண்டாம். ‘கிரைண்டர் பழுது பார்ப்பவர் யாரையாவது தெரியுமா’ என்று ஒரே வரி கேளுங்கள். உதவி கேட்பவரைத்தான் ஜனங்களுக்கு நினைவிருக்கும். பதில் சொன்னவருக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடாமல், கிரைண்டர் சரியானதும் அரைத்த மாவில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மும்பையில் தோசையை வேண்டாம் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

பண்டிகைகள் வந்தால் வேலை இன்னும் சுலபம். கணபதிக்கு வசூல், ஆரத்தி நேரம், பிரசாதம் யார் பொறுப்பு என்பதெல்லாம் குழுவில்தான் ஓடும். ஒருநாள் பிரசாதத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் ஆவியில் வேகவைக்கிற உகடீச்சே மோதக் நம்முடைய பூரணக் கொழுக்கட்டையேதான்: அரிசி மாவு, தேங்காய், வெல்லம். மடிப்பில்தான் அவர்கள் நம்மை மிஞ்சிவிடுவார்கள், என்ன செய்வது. கொலு வைக்கிற வழக்கம் இருந்தால் படத்தை முகநூலில் போட்டு லைக் எண்ணாமல், அடுக்ககக் குழுவில் போட்டு ‘ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை வாருங்கள், சுண்டல் உண்டு’ என்று எழுதுங்கள்.

சங்கராந்தி முதல் ரதசப்தமி வரை மராத்திப் பெண்கள் ஹள்தி குங்கூ நடத்துவார்கள். மஞ்சள் குங்குமம் இட்டு, எள்ளும் வெல்லமும் சேர்த்த தில்குள் கொடுத்து, ஒரு சிறு பரிசும் தருவார்கள். அதற்கான அழைப்பு இப்போதெல்லாம் குழுவில் பொதுவாகவே வந்துவிடுகிறது. நம் ஊர்ப் பக்கம் வீடு தேடி வந்து குங்குமம் கொடுத்து அழைத்தால்தான் அழைப்பு. ‘எனக்கென்று சொல்லவில்லையே’ என்று முகம் சுண்டி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். பொது அழைப்பும் அழைப்புதான். புடவை கட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். எதிர்வீட்டுக்காரரும் அங்கே இருப்பார்.

கணவர் வெளியூர் போகிற நாள், மகன் பள்ளிச் சீருடையில் நிற்கிற படம், வீட்டு எண், இந்த மூன்றும் முகநூல் பக்கம் போகவே கூடாது.

கேள்வி: பெங்களூருக்குக் குடிவந்திருக்கிறோம். புது வீட்டில் இடம் போதாமல் சோபாவை விற்கப் பகுதிக் குழு ஒன்றில் படம் போட்டேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் பேரமே பேசாமல் சம்மதித்து, ஒரு கியூ.ஆர். படம் அனுப்பி, ‘ஸ்கேன் செய்யுங்கள், பணம் உங்கள் கணக்குக்கு வரும்’ என்கிறார். செய்யலாமா?
– வாசகர், பெங்களூர்

பதில்: செய்யாதீர்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். நீங்கள் பின் எண்ணை அழுத்தினால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ராணுவ அடையாள அட்டையின் படத்தைக் காட்டினாலும் நம்ப வேண்டாம். இந்த மோசடியில் அந்த வேஷம் பழகிப்போனது. சோபாவைப் பார்க்காமலே, பேரமும் பேசாமலே வாங்குகிறவர் எந்த ஊரில் இருக்கிறார்? ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால் இந்தப் பதிலை முழுதாகப் படித்துக்கொண்டிருக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். குழுவின் அட்மினிடம் அந்த ஆளின் எண்ணைக் கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். சோபாவை நேரில் வந்து உட்கார்ந்து பார்க்கிற ஒருவருக்கு, ஐந்நூறு ரூபாய் குறைந்தாலும், கொடுத்துவிடுங்கள்.