சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது?

சாரல் சீசன் வந்தால் போதும், பழைய வேனில் கட்டில், அடுப்பு, ஃபேன் மாட்டி வீடாக்கி வைத்திருப்பவர்கள் கேள்வியோடு வந்துவிடுவார்கள். இந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல் பேட்டரி சமாச்சாரம்தான். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, எங்களுடையது பழைய டீசல் வேன். அப்பா சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு இரண்டு படுக்கை, சின்னதாக ஒரு 12 வோல்ட் ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன் போட்டிருக்கிறார். இன்ஜினுக்கு 80 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, பின்னால் 100 ஏ.எச். ஒன்று, இரண்டையும் ஒரு தடித்த வயர் போட்டுச் சேர்த்திருக்கிறது. குற்றாலத்தில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் டக டக டக என்று சத்தம் மட்டும்தான். ஆள் கூப்பிட்டுத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம். பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. கடையில் கொடுத்தால் ஒரு நாள் சார்ஜ் போட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். யாரை நம்புவது? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: கடைக்காரரை நம்புங்கள் தம்பி. சத்தம் விடாமல் டக டக என்று வந்தால் பேட்டரியில் சரக்கு இல்லை என்று அர்த்தம், பேட்டரி கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மாதிரி ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் எடுக்கும், பாதி நேரம்தான் ஓடுகிறது என்று வைத்தாலும் 36 மணி நேரத்துக்கு 72 ஏ.எச். போய்விட்டது. ஃபேன் ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர், ராத்திரிக்குப் பத்து மணி நேரம், இரண்டு ஃபேன், இரண்டு ராத்திரி, அது ஒரு 60. மொத்தம் 132. இருந்ததே 180தான். மிச்சத்தை வைத்துக்கொண்டு டீசல் இன்ஜினை எப்படிச் சுற்றுவது?

அந்தத் தடித்த வயர்தான் குற்றவாளி. இரண்டு பேட்டரியும் நேரடியாகச் சேர்ந்திருப்பதால் பின்னால் ஃபேன் சுற்றச் சுற்ற முன்னால் இருக்கிற பேட்டரியும் சேர்ந்தே காலியாகிறது. நடுவில் வோல்டேஜ் பார்த்துச் சேர்க்கிற ரிலே ஒன்று போடுங்கள். இன்ஜின் ஓடி 13.3 வோல்ட் பக்கம் வந்ததும் சேர்த்துவிடும், இன்ஜின் நின்று 12.8க்குக் கீழே இறங்கினால் பிரித்துவிடும். செலவு பார்த்தால் கையால் திருப்புகிற கட்-ஆஃப் சுவிட்சும் போதும், ஆனால் ராத்திரி படுக்கப் போகுமுன் ஞாபகமாகத் திருப்பவேண்டும், அருவியில் குளித்துவிட்டு வந்த அசதியில் யார் திருப்புவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கரண்ட்டை ஒரே பக்கம் மட்டும் விடுகிற டயோடு வைத்த பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். அது 0.7 வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும், பின் பேட்டரி ஒருநாளும் முழுதாக ஏறாது.

அப்புறம், அந்த வயரின் இரண்டு முனையிலும், ஒவ்வொரு பேட்டரிக்கும் பக்கத்திலேயே, ஒரு பியூஸ் வேண்டும். இரண்டு பக்கமும் கரண்ட் இருக்கிற வயர் அது. தகரத்தில் உரசி எங்கேயாவது தோல் கிழிந்தால் தீதான்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள். காலையில் எதையும் போடுமுன் வைத்துப் பார்த்தால் 12.6க்கு மேல் என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் காலி. இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியிலும் 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். முன்னால் காட்டி, பின்னால் 12.5லேயே நின்றால் ரிலேயையோ பியூஸையோ பாருங்கள். இரண்டிலும் ஏறவில்லை என்றால் டைனமோ அல்லது அதன் பெல்ட்.

கேள்வி: ஒரே ஒரு "டக்", அவ்வளவுதான், செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றவே மாட்டேன் என்கிறது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, சாவியைத் திருப்பும்போதும் மங்கவில்லை. இரண்டு பேட்டரி மாற்றியாச்சு. வண்டி எப்போதும் கடற்கரையில்தான் நிற்கும். (உவரி வாசகர்)

பதில்: மூன்றாவது வாங்கிவிடாதீர்கள். நானும் இதே வேலையைச் செய்தவன். பாபநாசம் போகிற வழியில் வண்டி படுத்துவிட்டது, கடன் வாங்கிய பேட்டரியை மாட்டியும் அதே டக். கல்லிடைக்குறிச்சியில் ஒரு வயசான மெக்கானிக் சைக்கிளில் வந்து இறங்கி, "பேட்டரிய எதுக்கு வே கழத்துதீரு, எர்த்தப் பாரும்" என்றார். ஜம்பர் வயரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் கவ்வவிட்டு, மறு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்தார். சாவியைத் திருப்பினேன், ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டது. பிறகு பேட்டரி மைனஸை இன்ஜினோடு சேர்க்கிற எர்த் பட்டையைக் கழற்றிக் காட்டினார். மேலே பார்க்க நல்ல செம்புப் பின்னல், போல்ட்டுக்கு அடியில் காலணா அளவுக்குத் துரு, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது.

ஹெட்லைட் எரிய ஐந்தாறு ஆம்பியர் ஒரு கம்பி வழியாகப் போனாலும் போதும், செல்ஃபுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். அதனால்தான் லைட் உங்களை ஏமாற்றுகிறது. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போச்சு. காட்டவில்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடுகிற சாலினாய்டையும் பிளஸ் வயரையும் பார்க்கவேண்டும், அதற்கு எலக்ட்ரீசியனிடம் போய்விடுங்கள்.

உப்புக்காற்றில் டெர்மினல் பூப்பது சகஜம். மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று ஆக்கி, மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். எர்த் பட்டையின் இரண்டு முனைக்கும் இதே மரியாதை வேண்டும், அதை யாருமே செய்வதில்லை.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறது. வேனில் போடலாமா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: ஃபேன், லைட்டுக்குப் போடலாம்மா, இன்ஜினை ஸ்டார்ட் செய்ய அது லாயக்கில்லை. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை இருக்கும், உயரமும் அதிகம், களக்காடு பக்கம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஆசிட் வழியும். இரும்புச் சட்டத்துக்குள் வைத்து பெல்ட் போட்டுக் கட்டுங்கள். வாயு வெளியே போக ஒரு குழாயும் வையுங்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். படுக்கைக்கு அடியில்தான் இடம் இருக்கிறது என்றால், வீட்டுக்காரரைப் பீடி பிடிக்க வெளியே போகச் சொல்லிவிடுங்கள்.