ஊர் சுற்ற ஒரே கேமரா: வாசகர் கேள்விகள்

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் மூன்று லென்ஸும் வைத்திருக்கிறேன். வெளியூர் போனால் பையைத் தூக்க முடியாமல் செல்போனில்தான் எடுக்கிறேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் உள்ளே கண்ணாடி இல்லாத சின்ன மிரர்லெஸ் கேமரா ஒன்றையே வைத்துக்கொள்ளலாமா? ஃபுல் ஃப்ரேம்தான் தரம் என்கிறார்களே?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

தாராளமாக. ஆனால் எடை பார்க்கும்போது கேமராவை மட்டும் பார்க்காதீர்கள், லென்ஸையும் சேர்த்துப் பாருங்கள். கடையில் கணக்குத் தப்புவது இங்கேதான். சோனி ஏ7சி 2 ஃபுல் ஃப்ரேம், அதாவது படம் பதியும் சென்சார் பெரியது. பேட்டரி, கார்டோடு 514 கிராம். சோனி ஏ6700 ஏ.பி.எஸ்-சி, அதாவது சென்சார் அதைவிடச் சிறியது, 493 கிராம். இருபத்தோரு கிராம்தானே என்று பெரிய சென்சாரை எடுத்துவிடத் தோன்றும். ஆனால் ஏ7சி 2-க்கு டாம்ரான் 28-75 எஃப் 2.8 ஜி2 லென்ஸ் (28-75 என்பது மி.மீ.யில் குவியத்தூரம்; எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்) மாட்டினால் 540 கிராம் கூடும். ஏ6700-க்கு ஏறக்குறைய அதே கோணம் தரும் சிக்மா 18-50 எஃப் 2.8 வெறும் 290 கிராம். தூரத்தை அருகே இழுக்கும் டெலி லென்ஸில் இடைவெளி இன்னும் பெரிது: ஏ.பி.எஸ்-சிக்கான சோனி 70-350 ஜி 625 கிராம். ஃபுல் ஃப்ரேமில் 100-400 ஜி.எம். 1,395 கிராம்.

இழப்பது என்ன? ஏ.பி.எஸ்-சி சென்சாரின் பரப்பு ஃபுல் ஃப்ரேமில் பாதிக்கும் குறைவு. அதனால் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்). விளக்கு மங்கிய கோயில் பிரகாரத்தில் அது தெரியும், பகலில் தெரியாது. 24 மெகாபிக்சல் படத்தை ஏ3 அளவில் 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தாலும் கைவசம் பிக்சல் மிஞ்சும். நாள் முழுக்கக் கழுத்தில் கிடக்க வேண்டிய கேமரா என்றால் எங்கள் வாக்கு ஏ.பி.எஸ்-சிக்கே.

வீடியோவும் ஓடும் குழந்தைகளும் முக்கியம் என்றால் ஏ6700 + சிக்மா 18-50: மொத்தம் 783 கிராம். கேமராவிலிருந்தே அழகான நிறத்தில் ஜே.பி.ஜி. வேண்டும், கணினியில் உட்கார நேரமில்லை என்றால் ஃபூஜிஃபிலிம் எக்ஸ்-டி50 + 16-50 எஃப் 2.8-4.8: 678 கிராம். இதன் பேட்டரி சுமார் 300 படத்தோடு நின்றுவிடும். கூடுதலாக இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் இறுக்கம் என்றால் கேனன் ஆர்50 + 18-45: வெறும் 505 கிராம். ஆனால் இதில் கேமரா உடலுக்குள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அதிர்வுத் தடுப்பு இல்லை, லென்ஸும் 45-இல் எஃப் 6.3 ஆகிவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் கையைக் கட்டிப் போடும். கேனன் ஆர்.எஃப். 28 எஃப் 2.8 லென்ஸைக் (120 கிராம்) கூடவே வாங்கினால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லாத கேமராவை மட்டும் முதன்மைக் கேமராவாக வாங்காதீர்கள். சில்வர் பீச்சில் மதிய வெயிலில் பின் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், படம் தெரியாது.

கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு. முந்தைய லென்ஸ் இரண்டிலும் பூஞ்சை. வெதர் சீல் (மூட்டுகளில் ரப்பர் அடைப்பு) உள்ளதை வாங்கினால் தப்பிக்கலாமா?
- வாசகி, புதுச்சேரி

தப்பிக்க முடியாது. வெதர் சீல் தடுப்பது தெறிக்கும் தண்ணீரையும் மணலையும்தான். ஜூம் லென்ஸை நீட்டிச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே போய் வருகிறது. ஈரமும் அதோடு போகிறது. அந்த ஈரம் இருட்டில், அசையாத காற்றில் நாள்கணக்காகத் தங்கினால் பூஞ்சை. ஆகவே துணி பீரோவிலும் தோல் பையிலும் கேமராவை வைக்கவே கூடாது. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை.

ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரை கேபினட் அலமாரி இருந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். அதற்குச் செலவு செய்ய மனமில்லையா, மூடியில் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பா, அதற்குள் 200 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி, போதும். ஜெல் பச்சையாக மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். நீல நிற ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்பதமானியைத் தினம் பாருங்கள்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் துணியால் நேராகத் துடைக்காதீர்கள். உப்பும் மணலும் கண்ணாடிப் பூச்சைக் கீறும். முதலில் பம்ப் ப்ளோயரால் ஊதுங்கள், பிறகு கேமராவின் உடலை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் முடியுங்கள். உப்புக்காற்று அடிக்கும்போது லென்ஸ் முன் யூ.வி. ஃபில்டர் என்ற காப்புக் கண்ணாடி இருக்கட்டும். வேறு இடங்களில் கழற்றிவிடலாம்.

இன்னொரு தொல்லை, ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வேர்ப்பது. குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. கிளம்புமுன் அறைக்குள்ளேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் ஈரம் கவரின் மேலேயே நின்றுவிடும். வேர்த்திருக்கும்போது லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள், சென்சாரிலும் படியும்.

அதிர்வுத் தடுப்பு உள்ள கேமரா என்றால் பிச்சாவரம் படகிலும் தெளிவாக எடுக்கலாம்தானே? இரவுத் திருவிழாவில் சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழுகிறது, ஏன்?
- வாசகர், சிதம்பரம்

அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். படகும் கிளையும் கொக்கும் நகர்வதை ஷட்டர் வேகம்தான் நிறுத்தும். ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, அதன் மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/500 வினாடி என்று வைத்துவிடுங்கள். பறக்கும் மீன்கொத்திக்கு 1/2000. துடுப்புத் தெறிக்கும் இடத்தில் லென்ஸ் மாற்ற வேண்டாம்.

பட்டை விழக் காரணம், சத்தமில்லாத அந்த எலெக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது, எல்.இ.டி. விளக்கு அதற்குள் பலமுறை அணைந்து எரிகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/50 அல்லது 1/100 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகங்கள் ஒத்துப்போகும். சில சீரியல் லைட்டுகள் வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே ஷட்டரை இன்னும் மெதுவாக்கிப் பாருங்கள்.

மகளைப் பார்க்கப் பிரான்ஸ் போகிறேன். கேமராவுக்காகத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகள் உரசாமல் ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். சார்ஜர் பிளக்கின் முனை மெல்லிய இரண்டு உருண்டைக் கம்பியாக இருந்தால் பிரெஞ்சு சாக்கெட்டில் அப்படியே சேரும். நம் ஊர் மூன்று பின் சேராது.

புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்துறையில் கேமராவையும் சீரியல் நம்பரையும் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது, அங்கே வாங்கிய புதுப் பொருள் அல்ல என்பதற்கு அதுவே ஆதாரம். இங்கே வாங்கிய பில்லில் சீரியல் நம்பர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள்.