ஓட்டோ ஷாட் கண்ணாடித் தொழிலாளியா, வேதியியலாளரா?

ஆய்வகக் கண்ணாடியின் முன்னோடி என்று சொல்லப்படும் ஓட்டோ ஷாட், உலைக்கூடத்தில் தொழில் பழகியவரா, கல்லூரியில் வேதியியல் படித்தவரா என்பது கேள்வி. இரண்டும்தான் என்பது என் பதில். கல்லூரி ஆய்வகத்தில் பல ஆண்டுகள் செய்முறை வகுப்பு நடத்தியவன் நான். அங்கே ஒரு பழைய வெப்பமானியின் தண்டில் ஓடிய மெல்லிய செவ்வூதாக் கோடு எதற்கு என்று தேடப்போய்த்தான் அவரைப் பற்றி முதலில் படித்தேன். அதனால் இந்தப் பதிலில் வெப்பமானி சற்று அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஷாட் 1851 டிசம்பர் 17 அன்று ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாப் பகுதியில் உள்ள விட்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜன்னல் கண்ணாடித் தொழிலில் இருந்தவர். ஷாட் ஆகன், வூர்ஸ்பர்க், லைப்சிக் ஆகிய ஊர்களில் படித்து, 1875இல் யேனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஜன்னல் கண்ணாடி செய்கையில் நேரும் குறைகளையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார் என்பதிலிருந்து, பட்டம் வாங்கப் போன இடத்திலும் அவர் மனம் அப்பாவின் உலையை விட்டு நகரவில்லை என்று தெரிகிறது.

அக்காலத்தில் வில்லை செய்வதற்குப் பெரும்பாலும் கிரௌன், ஃபிளிண்ட் என்ற இரண்டு வகைக் கண்ணாடிகளே கிடைத்தன. இவற்றை இணைத்து வில்லை செய்தால் இரண்டு நிறங்களை ஒரே புள்ளியில் குவிக்க முடியும். மூன்றாவது நிறம் விலகி நின்று உருவத்தின் ஓரத்தில் வண்ண விளிம்பாகத் தெரியும். யேனாவில் நுண்ணோக்கி செய்துவந்த கார்ல் சைஸ் நிறுவனத்துக்கு நுண்ணோக்கிகளைக் கணக்கிட்டுக் கொடுத்த இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே, இனி நுண்ணோக்கி முன்னேறுவது கண்ணாடி உருக்குபவர்களின் கையில்தான் இருக்கிறது என்று 1870களிலேயே எழுதியிருந்தார். 1879 மே 27 அன்று ஷாட் அவருக்குக் கடிதம் எழுதி, லித்தியம் சேர்த்துத் தாம் உருக்கிய கண்ணாடியைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். அபே அளந்து பார்த்ததில், எதிர்பார்த்த ஒளியியல் பண்பு அந்தக் கண்ணாடியில் இல்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய தொடர்பு முடியவில்லை. விட்டனில் ஷாட் சிறு மூசைகளில் ஒவ்வொரு தனிமத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்து உருக்கி அனுப்ப, யேனாவில் அபே ஒவ்வொன்றின் ஒளிவிலகல் எண்ணையும் நிறப்பிரிகையையும் அளந்து சொன்னார். குடும்ப இரகசியமாகக் கைமாறி வந்த பக்குவத்தை, எதைச் சேர்த்தால் எந்த எண் எவ்வளவு மாறும் என்று கேட்கக்கூடிய கணக்காக மாற்றியதைத்தான் ஷாட்டின் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

1882இல் ஷாட் யேனாவுக்கே குடிபெயர்ந்தார். 1884இல் அபே, கார்ல் சைஸ், அவர் மகன் ரோடெரிக் சைஸ் ஆகியோருடன் சேர்ந்து கண்ணாடித் தொழில்நுட்ப ஆய்வகத்தைத் தொடங்கினார். யேனா அப்போது ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவுக்கு உட்பட்ட ஊரே இல்லை. இருந்தும் பிரஷ்ய அரசு இந்த முயற்சிக்கு மானியம் கொடுத்தது. 1886இல் வந்த முதல் விலைப்பட்டியலில் 44 ஒளியியல் கண்ணாடிகள் இருந்தன. அதே ஆண்டில் வண்ண விளிம்பைப் பெருமளவு நீக்கிய அபோக்ரோமாட் வில்லைகளும் வெளிவந்தன. அந்த வில்லைகளுக்குப் புதிய கண்ணாடிகள் மட்டும் போதவில்லை, இயற்கையில் கிடைக்கும் ஃபுளோரைட் படிகமும் தேவைப்பட்டது என்பதைப் புகழுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. புதிய கண்ணாடிகளுள் பாஸ்பேட் சேர்ந்தவை சில காற்றின் ஈரத்தில் மங்கிப்போனதால் பின்னர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன.

இனி வெப்பமானி. ஒரு வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துவிட்டு உடனே உருகும் பனிக்கட்டியில் வைத்தால், பாதரசம் பூச்சியத்தில் நிற்காமல் சற்றுக் கீழே இறங்கிவிடும். சூட்டில் விரிந்த கண்ணாடிக் குமிழ் உடனே பழைய கொள்ளளவுக்குத் திரும்பாததே காரணம். யேனா அமைந்த துரிங்கியா வட்டாரத்தில் அன்று செய்த கண்ணாடியில் இந்த இறக்கம் அரைப் பாகையை நெருங்கியது, சிலவற்றில் தாண்டியும் போனது. அளப்பவரின் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கருவியே பொய் சொன்னால் என்ன செய்வது? சோடியமும் பொட்டாசியமும் ஒரே கண்ணாடியில் சேர்ந்திருப்பதே குற்றம் என்று பெர்லினில் வெபர், வீபே ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. சுடரில் ஊதி வேலை செய்ய வசதியான கண்ணாடி என்பதால் கைவினைஞர்கள் அந்தக் கலவையை விரும்பியிருந்தார்கள். ஷாட் பொட்டாசியத்தை அறவே விலக்கி, சுமார் 14 விழுக்காடு சோடியம் ஆக்சைடுடன் துத்தநாகம், சுண்ணாம்பு, சிறிது போரான் சேர்த்து, 16 III என்ற எண்ணுள்ள கண்ணாடியை உருவாக்கினார். இறக்கம் சுமார் 0.05 பாகைக்குக் குறைந்தது. நான் பார்த்த செவ்வூதாக் கோடு அந்தக் கண்ணாடிக்கான அடையாளக் குறி.

போரான் மிகுந்த கண்ணாடிகளை ஷாட் தொடர்ந்து ஆராய்ந்ததிலிருந்தே போரோசிலிகேட் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடி வந்தது. இன்றைய போரோசிலிகேட்டில் ஒரு மீட்டர் நீளத் தண்டை 100 பாகை சூடாக்கினால் 0.33 மில்லிமீட்டர் நீளும். ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நீளும். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்கும்போது விரிசல் விடாமல் தாங்குவதற்கு இந்த வித்தியாசமே காரணம். ஆனால் நிறுவனமாக வளர்ந்த ஷாட்டின் ஆய்வகத்துக்குப் பணம் கொட்டியது முகவைகளாலோ குடுவைகளாலோ அன்று. ஆஸ்திரிய வேதியியலாளர் அவுவர் கண்டுபிடித்த, எரிவாயுச் சுடரில் வலை ஒளிரும் விளக்குகளின் கடும் சூட்டைத் தாங்கும் கண்ணாடிக் கூண்டுகள்தான் 1890களிலிருந்து பெருவாரியாக விற்றன.

1889இல் அபே கார்ல் சைஸ் அறக்கட்டளையை நிறுவினார். உயர் அலுவலரின் சம்பளம் தொழிலாளரின் சராசரி வருமானத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. ஷாட் தம் பங்குகளை 1919இல் அந்த அறக்கட்டளைக்கே மாற்றிக் கொடுத்தார். 1926இல் பொறுப்பிலிருந்து விலகினார். மகன் எரிக் நிறுவனத்தை ஏற்று நடத்தினார். ஷாட் 1935 ஆகஸ்ட் 27 அன்று யேனாவில் காலமானார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், சோவியத் படைகளிடம் யேனாவை ஒப்படைக்கும் முன், அமெரிக்கப் படையினர் எரிக் உள்ளிட்ட 41 கண்ணாடி நிபுணர்களைத் தங்களுடன் மேற்கே அழைத்துச் சென்றனர். அவர்கள் மைன்ஸ் நகரில் புதிதாகக் கட்டிய ஆலை 1952இல் திறக்கப்பட்டது. யேனாவின் பழைய ஆலையும் தனியாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.