மலைக்குளிருக்கு மருந்து திருச்சி வெயிலா? ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணியின் கேள்விக்கு விடை

கேள்வி: மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 34 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 61. தோட்டத்து வீட்டை ஆறு மாதத்தில் காலி செய்து கொடுக்க வேண்டும். சொந்த வீடு கிடையாது; இபிஎப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் 340,000 ரிங்கிட் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய். மனைவிக்கு 58 வயது. மலைக்குளிரில் முழங்கால் வலித்து இரவெல்லாம் தூங்குவதில்லை. மகள் கிள்ளானிலும் மகன் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். என் தாத்தா திருச்சி மாவட்டத்துத் துறையூர்ப் பக்கத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர். அங்குள்ள பங்காளி ஒருவர், ஒரு ஏக்கர் தென்னந்தோப்போடு ஓட்டு வீடு ஒன்று 40 லட்சம் ரூபாய்க்கு வருவதாகவும், எனக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை) கிடைக்கும்வரை தம் பெயரிலேயே பதிந்து வைக்கலாம் என்றும் சொல்கிறார். கடைசிக் காலத்தை வெயிலுள்ள ஊரில் கழிக்கப் போகலாமா?

விடை: ஐயா, வெயில்தான் வேண்டுமென்றால் அதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. ரிங்லெட்டிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பழைய சாலையில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்தால் மலையடிவாரத்துத் தாப்பா நகரம் வந்துவிடும். அங்கே ஆண்டு முழுவதும் பகலில் முப்பது டிகிரிக்கு மேல்தான், ராத்திரியில் சுவெட்டரும் தேவைப்படாது. ஆகவே, குளிரா வெயிலா என்று கேட்டு இந்த முடிவை எடுக்க முடியாது. உங்கள் கடிதத்தில் இருப்பவை வேறு கேள்விகள்: தோட்டத்து வீடு கைவிட்டுப் போனபின் எங்கே குடியிருப்பது, இருக்கும் பணம் எத்தனை ஆண்டுக்கு வரும், நள்ளிரவில் சர்க்கரை இறங்கினால் யார் காரில் ஏற்றிப் போவார்கள் என்பவை. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முழங்கால் வலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குளிரில் வலி கூடுகிறது என்று பலர் உணர்வது உண்மை. ஆனால் தட்பவெப்பத்துக்கும் மூட்டு வலிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்து சேரவில்லை. தேய்ந்துபோன மூட்டு, ஊர் மாறிய காரணத்தால் மட்டும் சரியாகிவிடாது. எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை படம் எடுத்துப் பார்க்காமல், வலியைக் காரணம் காட்டி நாடு மாறுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதோடு, திருச்சி வட்டாரத்து வெயில் தாப்பா வெயிலைப் போன்றதன்று. சித்திரை, வைகாசியில் அங்கே வெப்பநிலை 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசிவரை நீளும் கத்திரி வெயிலில் உள்ளூர்க்காரர்களே பகல் பதினொரு மணிக்குமேல் வாசலில் இறங்கத் தயங்குவார்கள். வயது ஏற ஏற உடல் வியர்த்துத் தன்னைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் குறைகிறது; சர்க்கரை நோயாளிக்கு உடலில் நீர் வற்றுவது மற்றவர்களுக்கு இருப்பதைவிட ஆபத்தானது; இரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விடியற்காலையில் பதினாறு பதினேழு டிகிரிக்குப் பழகிய உடம்பு உங்களுடையது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இனித் தென்னந்தோப்பு. இதில் நான் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் குடியிருக்க வீடோ அடுக்ககமோ தாராளமாக வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க இந்திய ரிசர்வ் வங்கியின் பொது அனுமதி இடம் கொடுப்பதில்லை. விவசாய நிலத்தைத் தானமாகப் பெறுவதற்கும் அதே தடைதான். ஆகவே உங்கள் பங்காளி சொல்லும் ஒரு ஏக்கர் தோப்பு, அட்டை கையில் வந்தபிறகும் உங்கள் பெயருக்கு மாறாது. ‘அதுவரை என் பெயரில் இருக்கட்டும்’ என்று அவர் சொல்லும் ‘அதுவரை’ எந்த நாளிலும் முடியப் போவதில்லை. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதை இந்தியாவின் பினாமிச் சட்டம் குற்றமாகவே பார்க்கிறது. பங்காளி நல்லவராக இருந்தாலும் அவருடைய பிள்ளைகளும் கடன்காரர்களும் அந்த நிலத்தை அவருடையதென்றுதான் கொள்வார்கள்.

என் பெரியப்பா இதே பாதையில் போனவர். முசிறிக்கு அருகே உறவினர் ஒருவர் பெயரில் நிலம் வாங்கிவிட்டு, அந்த முத்திரைத்தாளை நாலாக மடித்து, பழைய மைலோ டின்னுக்குள் வைத்து, டின்னை அலமாரி மேல்தட்டில் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அவர் இறந்தபின் நாங்கள் அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது வாங்குபவர் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர் எங்கும் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவராகக்கூட அவர் இல்லை. அந்த உறவினரின் மகன் எங்களோடு மரியாதையாகத்தான் பேசினார். காப்பி கொடுத்தார். நிலத்தைக் கொடுக்கவில்லை.

ஓசிஐ அட்டையைப் பற்றிய அச்சம் ஒன்றும் வேண்டாம். பெயரில் ‘குடிமகன்’ என்று இருந்தாலும் அது குடியுரிமை அன்று. வாக்குரிமையோ அரசுப் பதவியோ அதில் கிடையாது. வாழ்நாள் முழுவதும் எத்தனை முறையானாலும் போய்வரவும், எத்தனை காலமானாலும் காவல்துறைப் பதிவு இல்லாமல் தங்கவும் அது வழிசெய்கிறது. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், நம் அடையாள அட்டையையும் சிவப்புக் கடப்பிதழையும் விட்டுக்கொடுக்கச் சொல்லும் எந்த யோசனைக்கும் தலையாட்டாதீர்கள். 1950 ஜனவரி 26ஆம் நாள் இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்த ஒருவரின் பேரனுக்கு ஓசிஐ கேட்க உரிமை உண்டு. உங்கள் தாத்தா அந்த வரிசையில் வருவார். தகுதி இருந்து என்ன, தாளில் காட்ட வேண்டுமே. அவர் இந்தியாவில் பிறந்தவர் என்று காட்டும் பழைய கடப்பிதழோ சான்றோ வேண்டும். அவரிடமிருந்து உங்கள் தந்தை, தந்தையிடமிருந்து நீங்கள் என்று சங்கிலி அறாமல் பிறப்புச் சான்றுகள் வேண்டும். செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் எழுதிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஒரே முத்துசாமி ஆங்கில எழுத்தில் நாலு தாளில் நாலு விதமாக இருப்பார். அந்த வேறுபாடுகளைச் சத்தியப் பிரமாணத்தால் சரிசெய்யும் வேலைக்கே மாதக்கணக்கில் ஆகலாம். ஆறு மாதத்துக்குள் அட்டை வந்துவிடும் என்ற நினைப்பில் வீட்டுச் சாமான்களைக் கட்ட வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். 55 வயதைக் கடந்தவர் இபிஎப் சேமிப்பை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. அப்படியே விட்டு வைத்தால் 100 வயதுவரை லாப ஈவு சேர்ந்துகொண்டிருக்கும், வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டுக்கு வழக்கமான (இஸ்லாமிய முறை அல்லாத) கணக்குக்கு 5.5 விழுக்காடும் 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடும் அறிவித்தார்கள். குறைந்த விகிதத்தையே எடுத்துக்கொண்டாலும் 340,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 18,700, அதாவது மாதம் 1,550 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. முதல் பணத்தில் கை வைக்கவே தேவையில்லை. இப்போது 40 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கு 200,000 ரிங்கிட். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து இன்னொரு 18,000. மிஞ்சுவது 122,000. அதே விகிதத்தில் அது தருவது மாதம் 560 ரிங்கிட், கிட்டத்தட்ட 11,200 ரூபாய். கரண்ட் பில், மருந்து, வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளம், ஆண்டுக்கு ஒருமுறை பேரப்பிள்ளைகளைப் பார்க்க இருவருக்கும் விமானச் சீட்டு, எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. முதல் பணத்தைத் தின்னத் தொடங்குவீர்கள்; எழுபது வயதில் அந்த வீட்டை விற்று ஊர் திரும்ப நினைத்தால், மலை அடிவாரத்தில்கூட அந்தப் பணத்துக்கு ஒரு வீடு அமையாமல் போகலாம்.

ஆகவே, திருச்சிக்கே போவதானாலும் வாடகைக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இபிஎப் பணத்தை இங்கேயே விட்டுவிட்டு மாதாமாதம் தேவையானதை மட்டும் வங்கி வழியாக அனுப்பிக்கொள்ளுங்கள். உறவினர் கையில் கொடுத்து மாற்றும் பணத்துக்குத் தாள் இருக்காது. தாள் இல்லாத பணத்தைத் திரும்ப நாட்டுக்குக் கொண்டுவருவது குதிரைக் கொம்பு. புறப்படுமுன் இபிஎப் கணக்கில் வாரிசு நியமனம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, நியமிக்கப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரியவர் ஆகிறார். திருமணத்துக்கு முன் அம்மாவின் பெயரை எழுதிவிட்டு முப்பது ஆண்டுகள் மறந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வரி விஷயம் சுருக்கமானது. இந்தியாவில் ஏப்ரலில் தொடங்கும் ஒரு நிதியாண்டில் 182 நாள் தங்கிவிட்டால் அங்கே வரிக்குரிய குடியிருப்பாளர் ஆகிறீர்கள். நெடுங்காலம் வெளியே இருந்து வருபவருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு உண்டு. அதன்பின் உலகில் எங்கே வரும் வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும். இங்கே வரி இல்லாத இபிஎப் ஈவு அப்போது எப்படிக் கொள்ளப்படும் என்பதை, இரு நாட்டு வரி ஒப்பந்தத்தோடு வைத்துப் பார்த்துச் சொல்லக்கூடிய கணக்காளரிடம் ஒருமுறை காசு கொடுத்தே கேளுங்கள். ஆண்டுக்கு ஐந்து மாதத்துக்குமேல் தங்கப் போவதில்லை என்றால் இந்தக் கவலையே இல்லை.

மருத்துவத்தில்தான் தராசு ஒரேயடியாக இந்தப் பக்கம் சாய்கிறது. நம் நாட்டில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டும், நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட்டும் கொடுத்துவிட்டுச் சர்க்கரை மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறோம். இதன் மதிப்பு, இதை விட்டுப் போனவர்களுக்குத்தான் தெரியும். திருச்சியில் நல்ல தனியார் மருத்துவமனைகளும் கைதேர்ந்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆனால் செலவு முழுக்க உங்களுடையது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு இந்திய அரசு தரும் இலவசக் காப்பீடு இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. தனியார் காப்பீட்டில் 65 வயது என்ற பழைய வரம்பு 2024இல் விதியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம்வரை அவர்கள் காத்திருக்க வைக்கலாம். உங்களுக்கு சர்க்கரை, அம்மையாருக்கு முழங்கால்: இரண்டுமே அந்தப் பட்டியலில் வருபவை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு பக்கக் கடிதத்தில் மனைவியின் வலியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதை எழுதவில்லை. துறையூரில் இருப்பவர்கள் உங்கள் பங்காளிகள், அவருடைய ஆட்கள் அல்லர். மகள் கிள்ளானில் இருக்கும்போது, தாப்பா ரோட்டில் ரயில் ஏறினால் அன்றைக்கே பேத்தியைத் தூக்கிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதலில் தாப்பாவில் மருத்துவமனைக்குப் பக்கமாக, படி ஏறத் தேவையில்லாத தரை வீடாகப் பார்த்து ஓராண்டு வாடகைக்கு எடுப்பேன். தோட்டத்து வீட்டை ஒப்படைக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகவே குடிபோய்விடுவேன். குளிர் விட்டதும் முழங்கால் எப்படி இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். தாத்தாவின் தாள்களைத் தேடும் வேலையை இந்த வாரமே தொடங்குவேன், ஏனென்றால் ஓசிஐ அட்டை இருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை. அது வருமுன்னரே, மின்னணுச் சுற்றுலா விசாவில் இருவரும் திருச்சிக்குப் போய் ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து நேர் விமானம் நான்கு மணி நேரம்தான். உறவினர் வீட்டில் தங்க வேண்டாம். முதல் பத்து நாள் விருந்தை வைத்து ஊரை எடைபோட முடியாது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ பக்கத்தில் சிறிய வீடாக எடுத்து, நீங்களே காய்கறி வாங்கி, நீங்களே மருந்துக்கடை தேடி இருந்து பாருங்கள். எல்லோரும் பொங்கலை ஒட்டித் தை மாதத்தில் போய், பனியும் பச்சை வயலுமாக ஊரைப் பார்த்து மயங்கி வருகிறார்கள். நீங்கள் மே மாதத்துக்குச் சீட்டு எடுங்கள்.