செத்த குரங்கு, காலில் உண்ணி: ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: கூடலூர் பக்கம், காட்டை ஒட்டி எங்கள் வீடு. போன வாரம் ஓடையோரத்தில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் விறகுக்குப் போய்வந்த என் மனைவிக்கு முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. பிய்த்து எறிந்துவிட்டாள். காய்ச்சல் எதுவும் இல்லை. 'குரங்குக் காய்ச்சல் ஊசி' 1,500 ரூபாய்க்குப் போட்டுவிடுவதாக ஒருவர் சொல்கிறார். போடலாமா? வீட்டு ஆட்டுப்பால் குடிக்கலாமா?

பதில்: அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். குரங்குக் காய்ச்சலுக்கு இன்றைக்குக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும்படி தடுப்பூசி எதுவும் கிடையாது. கர்நாடகத்தில் 1990-லிருந்து அரசே ஒன்றைக் கிராமம் கிராமமாகப் போட்டுவந்தது. இரண்டு தவணை போட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு 62 சதவீதம்தான். பூஸ்டரும் சேர்ந்தால் 83. வீரியம் போதவில்லை என்று 2022-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். புதிய தடுப்பூசிக்கான வேலை நடக்கிறது. வரும்போது அரசு ஆஸ்பத்திரி வழியாக வரும், பைக் பெட்டிக்குள் வராது. அப்படியே அவரிடம் பழைய குப்பி ஒன்று இருந்தாலும், அது ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டியது. கடித்த பிறகு போட்டால் இந்தக் கடிக்குப் பயன் இல்லை.

ஊசிக்காரர் போனதும் அடுத்து ரத்தப் பரிசோதனைக்காரர் வருவார். காய்ச்சலே வராதவருக்கு இந்தப் பரிசோதனையால் ஒன்றும் தெரியாது. தனியார் கூடங்கள் விற்கும் 'காய்ச்சல் பேக்கேஜ்' பட்டியலில் பொதுவாக இந்த வைரஸே இருக்காது. டெங்கு, டைபாய்டு, மலேரியா எல்லாம் 'இல்லை' என்று மூன்று பக்கம் அச்சடித்துக் கொடுப்பார்கள். நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். எனக்குப் பயம் அந்த நிம்மதியைப் பார்த்துத்தான். காய்ச்சல் வந்தால் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் புனே தேசிய வைராலஜி நிறுவனம் போன்ற அரசு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். 1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பக்கத்து ஊர் ஜனங்களுக்கும் காய்ச்சல் கண்டது. அங்கே அதற்கு 'மங்கன காயிலே' என்று பேர். குரங்கின் பேரை வைத்துவிட்டதால் பழி அதன் தலையில் விழுந்தது. உண்மையில் குரங்கும் நம்மைப் போல மாட்டிக்கொண்ட பிராணிதான். வைரஸைச் சுமப்பது காட்டு உண்ணி. அது எலி, மூஞ்சூறு என்று சின்னப் பிராணிகளிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். குரங்கு செத்து உடம்பு ஆறியதும் அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கிச் சருகில் காத்திருக்கும். நம்மைக் கடிப்பது பெரும்பாலும் வளராத இளம் உண்ணி, எள்ளைவிடச் சின்னது. கார்த்திகை தாண்டி வைகாசி வரைக்கும் அதன் காலம். உங்கள் பக்கமும் புதிதல்ல: 2012 வாக்கில் பந்திப்பூரில் செத்த குரங்குகளை எரிக்கப் போனவர்களுக்கே காய்ச்சல் வந்தது, முதுமலைக் குரங்குகளிலும் வைரஸ் கிடைத்தது.

ஆனால் உண்ணி கடித்தாலே நோய் என்று அர்த்தமில்லை. கடித்த நாளை நாள்காட்டியில் குறித்துவைத்து, இரண்டு வாரம் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வையுங்கள். வந்தால் பெரும்பாலும் 3 முதல் 8 நாளுக்குள் வந்துவிடும். குளிரோடு சட்டென்று ஏறும் காய்ச்சல், நெற்றி பிளக்கும் தலைவலி, அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, வாந்தி. அப்போது பாராசிட்டமால் மட்டும். இடுப்பில் வலி ஊசி, ஆஸ்பிரின் இரண்டும் வேண்டாம். இந்த நோயில் ரத்தக் கசிவு வரலாம். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, ஆனாலும் படுக்கவைத்து நீர்ச்சத்தும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் எழுந்துவிடுகிறார்கள். விட்ட காய்ச்சல் ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைவலி, கை நடுக்கத்தோடு திரும்பினால் மறுபடியும் ஓடுங்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. பேப்பரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று படிக்கிறீர்களே, அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அது வேறு. அதைக் கொண்டுவருவது கண்ணுக்கே தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு, கிருமி பாக்டீரியா, டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கும். கவனிக்காமல் விட்டாலோ ஆளையே கொல்லும். தமிழ்நாட்டில் குரங்குக் காய்ச்சலைவிட அதுதான் எத்தனையோ மடங்கு அதிகம். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா அழுத்தும் இடம், இங்கெல்லாம் பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை. ஆண் டாக்டரிடம் பெண்கள் காட்டுவதும் இல்லை. பொருக்கு இல்லாமலும் அந்த நோய் வரும். ஆகவே டாக்டர் அந்த மாத்திரை எழுதினால், 'இது வைரஸ், மாத்திரை எதற்கு' என்று என் பேரைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் 'காய்ச்சல், 2 நாள்' என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள்: 'காட்டுக்குப் போனாள், உண்ணி கடித்தது, அங்கே குரங்கு செத்துக் கிடந்தது.'

அந்தக் குரங்கைத் தொடாதீர்கள், புதைக்கிறேன் என்றும் போகாதீர்கள். வனத்துறைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இரண்டு பேருக்கும் சொல்லுங்கள். மலைநாட்டில் நான் வேலை பார்த்தபோது இப்படி ஒன்றுக்குப் போன் போட்டேன். காடு என்றால் அவர்கள், நோய் என்றால் இவர்கள், பிணத்தை அறுப்பதென்றால் கால்நடைக்காரர்கள். மூன்று நாள் கழித்து ஜீப் வந்தபோது அறுக்க எதுவும் மிச்சமில்லை. உண்ணிகள் மட்டும் பத்திரமாகச் சருகில் இருந்தன. அதனால் போனில் சொன்னதோடு விடாமல், எழுதிக் கொடுத்துத் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

இந்த சீசன் முடியும்வரை அந்த ஓடைப் பக்கம் விறகும் வேண்டாம், சருகும் வேண்டாம். வேறு பக்கம் போனாலும் முழுக்கை, முழுக்கால் மூடிய துணி. காலில் பூச்சி விரட்டும் எண்ணெய். வந்ததும் துணியை வெந்நீரில் போட்டுச் சோப்புத் தேய்த்துக் குளியல். ஒட்டிய உண்ணியை மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தீக்குச்சி வைத்து எடுக்காதீர்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

பாலால் இந்த நோய் பரவியதாகச் சான்று இல்லை. எப்போதும் போலக் காய்ச்சிக் குடியுங்கள். ஆட்டிலும் மாட்டிலும் இந்த நோய் வெளியே தெரியாது, ஆனால் காட்டு உண்ணியை வீட்டுக்குச் சுமந்துவருவது அவைதான். மேய்ந்து வந்ததும் காது மடலையும் வாலடியையும் தடவிப் பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு.